மில் சங்குக்கு முன்னால் எழுந்த குழந்தைகள்... தெரியுமா?

கோயம்புத்தூருக்குத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அசல் மான்செஸ்டரில், அதைச் சுற்றியிருந்த ஓல்டாம், போல்டன், பர்ன்லி, பிளாக்பர்ன், ராச்டேல் என்ற லங்காஷயர் மில் ஊர்களில், ஒரு குழந்தையின் பொழுது எப்படி விடிந்தது தெரியுமா? யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை! தொழிற்புரட்சி என்றால் ஹார்கிரீவ்ஸ், கிராம்ப்டன், நீராவி என்று சில பெயர்களோடு பாடம் முடிந்துவிடும். அந்தப் புகைக்குள் பிறந்து, ஓடி, விளையாடி வளர்ந்த பிள்ளைகளின் கதை அதைவிடப் பல மடங்கு சுவாரசியம்.

விடியலிலிருந்தே தொடங்குவோம். அலாரம் கடிகாரம் வாங்க வசதியில்லாத காலம். மில் வாசலில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் கூலியில் பிடித்தம். அதனால் காசு வாங்கிக்கொண்டு ஆட்களை எழுப்புவதற்கென்றே ஒரு தொழில் இருந்தது, தெரியுமா? கையில் நீளமான மூங்கில் கழி, அதன் நுனியில் கம்பிக் கொத்து. இருட்டில் தெருத் தெருவாக நடந்து, மாடி ஜன்னல் கண்ணாடியில் 'டொக் டொக்' என்று தட்டுவார். உள்ளே ஒரு முகம் தெரியும்வரை நகரமாட்டார். வாரத்துக்குச் சில காசுதான் கூலி. 'நாக்கர் அப்' என்று பெயர். பெரும்பாலும் வயதானவர்கள், அவர்களில் பெண்களும் பலர். பல குழந்தைகளுக்கு வாழ்க்கையில் நினைவிருக்கும் முதல் சத்தமே இதுதான்! 1970களின் தொடக்கம்வரைகூட இந்தத் தொழில் ஓரிரு இடங்களில் உயிரோடு இருந்தது.

அடுத்த சத்தம் இன்னும் அற்புதம். கதவுகள் திறக்கும். ஒருவர், பத்துப் பேர், நூறு பேர் என்று தெருவில் இறங்குவார்கள். கருங்கல் தளத்தில் 'கடகட கடகட' என்று ஒரே முழக்கம்! அத்தனை பேர் காலிலும் 'கிளாக்' என்ற செருப்பு. அடிப்பாகம் மரக்கட்டை, மேலே தோல், அடியில் இரும்பு லாடம். ஆமாம், குதிரைக்கு அடிப்பதுபோலவே லாடம்! மில்லின் ஈரத் தரைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அதுதான் தாங்கும். ஆல்டர் என்ற மரத்தில் செய்த கட்டை தண்ணீரில் எளிதில் உளுத்துப்போகாது. பிள்ளைகளுக்கோ அது செருப்பே இல்லை, தீபாவளி மத்தாப்பு! சாயங்காலம் இருட்டியதும் ஓடிவந்து லாடத்தைக் கல்லில் உரசினால் தீப்பொறி பறக்கும். யார் காலில் பெரிய பொறி என்று போட்டி. வீட்டில் திட்டு நிச்சயம், லாடம் சீக்கிரம் தேயுமல்லவா?

இந்தக் கட்டைச் செருப்பிலிருந்தே ஒரு நடனம் பிறந்தது. தறியடியில் நிற்கும் நெசவாளியின் கால் தறியின் தாளத்துக்குத் தானாகத் தட்ட ஆரம்பித்து, அதுவே ஆட்டமாயிற்று என்று சொல்வார்கள். அந்த ஆட்டத்தை மேடையேற்றிய சிறுவர் குழு ஒன்றின் பெயர் 'எயிட் லங்காஷயர் லாட்ஸ்'. அதில் பத்து வயதுகூட நிரம்பாத ஒரு லண்டன் பையன் சேர்ந்து ஊர் ஊராக ஆடினான். யார் தெரியுமா? சார்லி சாப்ளின்!

இனிச் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அந்தக் காலைக் கூட்டத்தில் குழந்தைகளும் நடந்தார்கள். 'ஹாஃப் டைமர்' என்றால் தெரியுமா? அரை நாள் மில், அரை நாள் பள்ளிக்கூடம். 1844ஆம் ஆண்டுச் சட்டம் இதை முறையாக்கியது. எட்டு வயதிலிருந்தே போகலாம்! ஒரு வாரம் காலையில் மில், மதியம் பள்ளி. அடுத்த வாரம் தலைகீழ். காலை ஆறு மணிக்கு எழும்பும் இயந்திர இரைச்சலில் மதியம்வரை நின்ற பிள்ளை, மதியம் பெஞ்சில் உட்கார்ந்ததும் தலை சாய்ந்துவிடும். எழுப்ப மனம் வராமல் தூங்கட்டும் என்று விட்ட ஆசிரியர்கள் உண்டு. வயது வரம்பை ஒவ்வொன்றாக ஏற்றி, 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால்தான் இதற்கு முடிவு கட்டினார்கள். அது நடைமுறைக்கு வந்தது 1921இல். அதாவது, நூறாண்டுக்கு முன்புவரை இது நடந்தது!

நூற்பாலையில் குழந்தைக்கு என்ன வேலை என்கிறீர்களா? போல்டன்காரர் சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் உருவாக்கிய 'மியூல்' என்ற நூற்பு இயந்திரத்தில், நூற்றுக்கணக்கான கதிர்களைத் தாங்கிய வண்டி ஐந்தடி தூரம் முன்னே வரும், பின்னே போகும். நிமிடத்துக்குப் பலமுறை. ஏதாவது ஓர் இழை அறுந்தால், வண்டி திரும்புவதற்குள் ஓடிப்போய் விரலால் பிணைக்க வேண்டும். தரையில் எண்ணெய் வழுக்கும் என்பதால் வெறுங்கால். இன்னும் சின்னப் பிள்ளைகள் ஓடும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டினார்கள். அப்படி முன்னும் பின்னும் நடக்கும் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கும்? டாட்மார்டன் ஊர் மில் முதலாளி ஜான் ஃபீல்டன் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபது மைல்! அவரே பத்து வயதளவில் தன் அப்பாவின் மில்லில் வேலை செய்தவர். 1836இல் அதைப் புத்தகமாக எழுதினார், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, வேலை நேரத்தைப் பத்து மணியாகக் குறைக்கும் சட்டத்துக்காகப் போராடி 1847இல் வென்றார். முதலாளியே தொழிலாளிப் பிள்ளைக்காக நின்ற கதை!

ஓல்டாமுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்ஹெட் என்ற சிற்றூரில் 1879இல் பிறந்தவர் ஆனி கென்னி. பத்து வயதில் அரை நாள் மில் வேலை, பதின்மூன்றில் முழு நாள். சுழலும் கதிர் அவருடைய ஒரு விரலைப் பறித்துக்கொண்டது. அந்தச் சிறுமி பின்னால் என்ன ஆனார் தெரியுமா? 1905 அக்டோபரில், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால் கூட்டத்தில் எழுந்து நின்று, பெண்களுக்கு ஓட்டுரிமை தருவீர்களா என்று கேட்டுச் சிறைக்குப் போன இருவரில் ஒருவர்! இன்னொருவர் கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்ட். பெண்கள் வாக்குரிமைப் போராட்டம் தீப்பிடித்தது அன்றைக்குத்தான். ஓல்டாமில் இப்போது அவருக்குச் சிலை இருக்கிறது.

நெசவுக் கொட்டகைக்குள் போவோமா? நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒரே நேரத்தில் அடிக்கும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அப்படியானால் பெண்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? வாயால்தான், ஆனால் சத்தமே இல்லாமல்! உதட்டையும் முகத்தையும் பெரிதாக அசைத்து, கையால் சாடை காட்டி, நான்கு தறி தள்ளி நிற்பவரோடு முழுக் கதையும் பேசிவிடுவார்கள். இதற்கு 'மீ மா' என்று பெயர். வீட்டுக்கு வந்தாலும் பழக்கம் போகாது. பிள்ளைகள் காதில் விழக்கூடாத சேதியென்றால், அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் திடீரென்று சத்தத்தை நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைப்பார்கள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? உதட்டைப் படிக்க அவர்களும் கற்றுக்கொண்டார்கள்!

நெசவாளிகள் தறி நாடாவின் கண்ணில் வாய் வைத்து நூலை உறிஞ்சி இழுத்துக் கோத்தார்கள். 'நாடாவுக்கு முத்தம்' என்று அழகாகப் பெயர் வைத்திருந்தாலும், பஞ்சுத் தூசியும் மற்றவர் எச்சிலும் சேர்ந்து நெஞ்சுக்குள் போனது. பல்லும் கெட்டது, நோயும் பரவியது.

அது சரி, இத்தனை மில்களும் ஏன் அங்கேயே? மழை! பென்னைன் மலையை ஒட்டிய அந்த ஈரக் காற்றில் பஞ்சு இழை சுலபத்தில் அறுகாது. கையெட்டும் தூரத்தில் நிலக்கரி, மென்மையான தண்ணீர். முதல் உலகப் போருக்குச் சற்று முந்திய உச்சக் காலத்தில், ஓல்டாம் என்ற ஒரே ஊரில் சுழன்ற கதிர்கள் ஒரு கோடிக்கும் மேல். அங்கே பாடப்புத்தகத்தில் வராத ஒரு கணக்கும் உண்டு: பிளாக்பர்ன் ஊர்த் தறிகளில் பெரும்பகுதி நெய்தது எதை? வேட்டி! ஆமாம், இந்தியாவுக்கு அனுப்ப வேட்டி. அந்த ஊரில் ஒருவருமே வேட்டி கட்டவில்லை. ஆனால் அங்கே ஒரு குழந்தையின் ரொட்டியும் வெண்ணெயும் நம் முப்பாட்டன்களின் இடுப்பைத்தான் நம்பியிருந்தது.

அப்புறம் சுதேசி இயக்கம் வந்தது, உலகப் பொருளாதாரமும் சரிந்தது. மில்கள் மூடி, பிள்ளைகளின் அப்பாக்கள் தெருமுனையில் சும்மா நின்றார்கள். அந்த நேரத்தில், வட்டமேஜை மாநாட்டுக்கு லண்டன் போன காந்தி என்ன செய்தார் தெரியுமா? நேராக லங்காஷயருக்கே ரயிலேறினார்! 1931 செப்டம்பர் 26 அன்று டார்வென் ஊரில், தங்கள் பிழைப்பைக் குலைத்த பகிஷ்காரத்தின் தலைவரைச் சுற்றி மில் பெண்கள் கைதூக்கி ஆரவாரம் செய்யும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. தேடிப் பாருங்கள். நடுவில் போர்வை போர்த்தி, கைகூப்பி அவர். சுற்றிலும் வாய் கொள்ளாச் சிரிப்போடு அந்தப் பெண்கள். எனக்கு நூறு வரலாற்றுப் புத்தகத்தைவிட அந்த ஒரு படம் போதும்.

இனி வாசலுக்கு வருவோம். நம் வீட்டில் விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போடுவதுபோல அங்கேயும் ஒரு வழக்கம் இருந்தது என்றால் நம்புவீர்களா? வாசல்படியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 'டாங்கி ஸ்டோன்' என்ற கல்லால் படியின் ஓரத்தில் வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ கோடிழுப்பார்கள். புகைக்கரி அடுத்த மணியே வந்து படியும். ஆனாலும் விடமாட்டார்கள். கோடு இழுக்காத படி அந்தத் தெருவுக்கே மானக்கேடு! பள்ளிக்குப் போகும் முன் இந்த வேலை பெரும்பாலும் பெண் பிள்ளைகள் தலையில். அந்தக் கல்லைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. 'ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று நம் தெருவில் வண்டி வருமே, அதேபோலக் குதிரை வண்டியில் கந்தல் துணி வாங்குபவர் வருவார். பழைய துணிக்குப் பதில் ஒரு கல் தருவார். பிள்ளைகள் அம்மாவுக்குத் தெரியாமல் நல்ல சட்டையையே கொண்டுபோய்க் கொடுத்து, பலூன் வாங்கி, அடி வாங்கிய கதைகள் ஏராளம்!

வெள்ளி ராத்திரி குளியல். கணப்பு அடுப்பின் முன்னால் தகரத் தொட்டி. கெட்டிலில் கொதித்த நீர். ஒரே தண்ணீரில் வீடே வரிசையாகக் குளிக்கும், கடைசிப் பிள்ளைக்கு மிஞ்சுவது ஆறிய கலங்கல்தான். கழிப்பறை கொல்லையில். அதற்குள் செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி நூலில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அந்தத் துண்டுச் செய்தி வாசித்தே எழுத்துக் கூட்டப் பழகியவர்களும் உண்டு!

தெரு முழுக்க விளையாட்டு மைதானம். எரிவாயு விளக்குக் கம்பத்தின் குறுக்குச் சட்டத்தில் கயிறு கட்டினால் ஊஞ்சல். கல் தளத்தில் சாக்குக்கட்டிக் கோடு போட்டால் பாண்டி. இதைக் கேளுங்கள்: ஓடிப் பிடிக்கும் ஆட்டத்தில் நாம் விரலைக் காட்டி 'அம்பேல்!' என்று கத்துவோமே, அந்தச் சொல் அங்கே ஊருக்கு ஊர் வேறு! லங்காஷயர் பக்கம் 'பார்லி'. மலையைத் தாண்டி யார்க்ஷயர் போனால் 'கிங்ஸ்'. இன்னும் வடக்கே டர்ஹாம் நிலக்கரி ஊர்களில் 'ஸ்கின்ச்'. அயோனா, பீட்டர் ஓப்பி என்ற கணவன் மனைவி பள்ளிப் பிள்ளைகளிடமே கேட்டுக் கேட்டு இதைத் திரட்டி, வரைபடம் போட்டு, 1959இல் புத்தகமாக வெளியிட்டார்கள். பெரியவர்கள் யாரும் கற்றுத் தராமல், குழந்தை வாயிலிருந்து குழந்தை வாய்க்கே பல தலைமுறை கடந்துவந்த சொற்கள்!

சாப்பாடு? அம்மாவும் மில்லில் இருந்தால் யார் சமைப்பது? மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடை தெருவுக்குத் தெரு முளைத்தது. பிள்ளையின் கையில் வீட்டுக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். லங்காஷயரின் மாஸ்லி ஊரில் 1863இலேயே இந்தக் கடை வந்துவிட்டது, எங்கள் ஊர்தான் முதல் என்பார்கள். லண்டன்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்! இரண்டாம் உலகப் போரில் எல்லாவற்றுக்கும் ரேஷன் வந்தபோதும் இதற்கு வரவில்லை. ராச்டேலில் இப்படி ஒரு கடையின் மாடியில் 1898இல் பிறந்து, மில்லிலும் வேலை பார்த்த சிறுமிதான் பின்னால் பிரிட்டனின் உச்ச நட்சத்திரப் பாடகியான கிரேஸி ஃபீல்ட்ஸ்.

குடிக்க? மதுவிலக்கு இயக்கம் பலமாக இருந்த ஊர்கள் அவை. சாராயமே இல்லாத 'பார்'கள் இருந்தன! அங்கே பிள்ளைகளுக்கும் இடமுண்டு. அதில் முக்கியமான பானம் சார்சபரில்லா. செடி வேறானாலும் நம் நன்னாரிக்குக்கூட ஆங்கிலத்தில் இந்தியச் சார்சபரில்லா என்றுதான் பெயர். ராட்டன்ஸ்டால் ஊரில் அப்படியொரு கடை இன்றும் நடக்கிறது. இன்று ரம்ஜான் மாதத்தில் அரபு நாடுகள் விரும்பிக் குடிக்கும் விம்ட்டோவும் 1908இல் மான்செஸ்டரில் பிறந்ததுதான்.

புகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். கட்டடமெல்லாம் கறுப்பு. கல் என்றாலே கறுப்புத்தான் என்று நம்பி வளர்ந்த பிள்ளைகள், 1956ஆம் ஆண்டுச் சுத்தக் காற்றுச் சட்டத்துக்குப் பின் சுவர்களைக் கழுவியபோது வாயடைத்துப்போனார்கள். உள்ளே இருந்தது தேன் நிறக் கல்! கட்டடம் மட்டுமா? வெளிர் நிறத்தில் புள்ளி போட்ட ஒரு வகை அந்துப்பூச்சி உண்டு. 1848இல் மான்செஸ்டரில் அதன் கறுப்பு வகை ஒன்று அகப்பட்டது. 1895இல் அங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு! கரி படிந்த மரத்தில் வெளிர் பூச்சியைப் பறவை சுலபமாகக் கொத்திவிட, கறுப்பு பிழைத்துக்கொண்டது. காற்று சுத்தமானதும் மறுபடி வெளிர் நிறமே ஜெயித்தது. பரிணாமத்தைக் கண்ணெதிரே காட்டிய பூச்சி! 'அமில மழை' என்ற சொல்லையும் மான்செஸ்டர் மழையை ஆராய்ந்த ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்தான் 1872இல் தந்தார்.

அந்தப் புகை முழுவதும் நிற்கும் வாரம் ஒன்று உண்டு, தெரியுமா? 'வேக்ஸ் வீக்'! நம்மூர்க் கோயில் கொடை ஊருக்கு ஊர் வேறு தேதியில் வருவதுபோல, மாதா கோயில் திருவிழாவாகத் தொடங்கிய வழக்கம். அந்த வாரம் ஊரின் மொத்த மில்லும் மூடும். புகைபோக்கிகள் ஓய, சுற்றியுள்ள மலைகள் திடீரென்று தெரியும்! ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். 1894இல் திறந்த 518 அடி உயரக் கோபுரத்தை ரயில் ஜன்னலிலிருந்து முதலில் பார்க்கும் பிள்ளைக்குக் காசு பரிசு. கடற்கரையில் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் அங்கேதான்! ஆனால் அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. வருடம் முழுதும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. சம்பளத்தோடு விடுமுறை என்ற சட்டம் 1938இல்தான் வந்தது.

இன்னொரு திருவிழா 'விட்' ஊர்வலம். ஈஸ்டருக்குப் பின் ஏழாம் வாரம் வரும் பண்டிகை. வருடத்தில் ஒரே புத்தாடை அன்றைக்கு. வெள்ளைச் சட்டையில் சிறுமிகள், பித்தளை வாத்தியக் குழு, கொடிகள். புதுச் சட்டையைக் காட்ட வீடு வீடாகப் போனால் ஒவ்வொருவரும் பாக்கெட்டில் ஒரு காசு போடுவார்கள்.

சனிக்கிழமைப் பந்தாட்டம் ஏன் மூன்று மணிக்குத் தொடங்குகிறது? மில்தான் காரணம்! 1850ஆம் ஆண்டுச் சட்டம், சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மில்களை மூடச் சொன்னது. சாப்பிட்டுவிட்டு மைதானம் போக மூன்று ஆகும். 1888இல் உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியபோது பன்னிரண்டு அணிகளில் ஆறு லங்காஷயருடையவை. கூட்டத்தில் நசுங்காமலிருக்கச் சிறுவர்களைத் தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்புவார்கள். அந்தக் கூட்டத்தையெல்லாம் குச்சி குச்சியாக வரைந்த ஓவியர் எல்.எஸ். லௌரி, 1952இல் ஓய்வு பெறும்வரை வாடகை வசூல் கம்பெனி ஊழியர். பகலில் கதவு தட்டினார், இரவில் வரைந்தார். சர் பட்டம் உட்பட ஐந்து அரசு கௌரவங்களை வேண்டாம் என்றவர்! ஆட்டத்துக்குப் போகும் கூட்டத்தை அவர் வரைந்த படம் 2022இல் 78 லட்சம் பவுனுக்கு விலை போனது.

கடைசியாக, என் மனதுக்கு மிகவும் நெருங்கிய ஒன்று. 1844 டிசம்பர் 21 அன்று ராச்டேலின் டோட் லேன் சந்தில், இருபத்தெட்டு பேர் ஆளுக்கொரு பவுன் போட்டு ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லை, சரியான எடை, லாபம் வாங்குபவருக்கே. உலகக் கூட்டுறவு இயக்கத்தின் தாய்க்கடை அது! சென்னை திருவல்லிக்கேணியில் 1904இல் தொடங்கிய நம் டியுசிஎஸ் அந்த ராச்டேல் வழியில் வந்ததுதான். லங்காஷயர் முழுக்க அம்மாக்கள் இந்தக் கூட்டுறவுக் கடைகளில் உறுப்பினர். லாபப் பங்குக்கு 'டிவ்வி' என்று செல்லப் பெயர். சாமான் வாங்கப் போகும் பிள்ளை உறுப்பினர் எண்ணைச் சரியாகச் சொன்னால்தான் கணக்கில் ஏறும். மறந்தால் அந்தப் பங்கு போச்சு. அதனால் சொந்தப் பிறந்த நாளுக்கு முன்பே அந்த எண்ணைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். மில்கள் மூடிவிட்டன, புகைபோக்கிகள் இடிந்துவிட்டன. ஆனால் அந்தத் தெருக்களில் வளர்ந்து இன்று எண்பதைத் தாண்டியவர் யாரையாவது எங்கேனும் சந்தித்தால், உங்கள் அம்மாவின் டிவ்வி எண் என்ன என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார்!